கழுதைத்துறையில் புயல்குருவிகள்

ஏர்கூலரிலிருந்து மீன் எண்ணெய் வாசம் வந்தது.

வெர்னா முதலில் பாத்திரம் கழுவும் தொட்டியை முகர்ந்து பார்த்தாள், பிறகு குப்பைக் கூடையை, பிறகு தன் சட்டைக் கையை. எதிலும் இல்லை. ஜன்னலில் பொருத்திய கூலர் வெளிக்காற்றை இழுத்து ஈரத் தட்டிகள் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில்தான் இருந்தது வாசம், பழைய கம்பளியில் மீன் எண்ணெயைக் கொட்டி வெயிலில் மறந்துவிட்டதுபோல. கடல் அங்கிருந்து இருநூற்றைம்பது மைல். நடுவில் இருப்பதெல்லாம் கல்லும் கள்ளியும், பல்லிகூட நிழலுக்கு நிழல் தாவி ஓடும் அரிசோனாப் பாலையும்தான். இந்த ஏரிக்கரையில் சக்கரம் கழற்றிய இந்த வண்டிவீட்டில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறாள். இப்படி ஒரு வாசத்தை இங்கே அவள் அறிந்ததில்லை.

ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. தெற்கே கடல் வளைகுடாவுக்குள் புகுந்த புயல் கரையோடு நிற்காமல் நேராக வடக்கே ஏறி, விடியற்காலையில் இந்தப் பக்கம் வந்து செத்திருந்தது. இருபது வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு புயல் வரும். அதன் நடுவில் மாட்டிக்கொண்ட, உடம்பெல்லாம் இந்த வாசம் அடிக்கும் கடற்பறவைகள் வெளியேற வழி தெரியாமல் கூடவே வந்து, கீழே எந்தத் தண்ணீர் தெரிகிறதோ அதில் விழும். பாலைவன ஏரியில் அவற்றுக்குத் தீனி கிடையாது. நாலைந்து நாளில் முக்கால்வாசி செத்துப்போகும். செத்தால் என்ன, அதற்குள் கண்ணில் பட்டுவிட்டால் போதும், பட்டியலில் ஏறிவிடும்.

மாவட்டத்தில் பறவை பார்ப்பவர்கள் நாற்பது பேர் ஒரு குழுவாக இருந்தார்கள். இந்த மாவட்ட எல்லைக்குள் தன் கண்ணால் எத்தனை வகைப் பறவை பார்த்தேன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் உண்டு. அத்தனையையும் சரிபார்த்து வரிசைப்படுத்துவது ஹாலிஸ் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரர். அந்த வரிசையில் இருபத்தாறு வருடம் முதலிடம் வெர்னாவுக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் டூசானிலிருந்து லூபே வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். போன ஏப்ரலில் லூபே நானூற்று மூன்று, வெர்னா நானூற்று இரண்டு.

ஒரே ஒரு பறவை. அந்த ஒன்று வெர்னாவின் வயிற்றில் ஆறு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. தோற்கடித்தவள் திமிர் பிடித்தவளாக இருந்தால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். லூபே நல்லவள். எதைப் பார்த்தாலும் முதல் ஆளாகக் குழுவில் சொல்லிவிடுவாள். சோளமாவில் இறைச்சி வைத்து அவித்த தமாலேயைத் துணியில் சுற்றி எல்லோருக்கும் கொண்டுவருவாள். தன்னைவிட மூத்தவளான வெர்னாவைக்கூட 'மிஹா', என் மகளே, என்றுதான் கூப்பிடுவாள். முதலிடம் வந்த அன்று, "அப்படியா? நான் எண்ணவே இல்லையே" என்றாள். அதை வெர்னாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இரண்டரை மணிக்கு அணைமுனையில் வண்டியை நிறுத்தினாள். வானம் மஞ்சளாக, மேலே யாரோ துணி போர்த்தியதுபோலக் கிடந்தது. காற்று துளியும் இல்லை. படகுகள் இல்லை. எப்போதும் கரையில் கத்திக்கொண்டு திரியும் நாமக்கோழிகள் இல்லை. ஏரி தகரம்போல அசையாமல் கிடந்தது, மீன் எண்ணெய் வாசம் இங்கே தொண்டையில் படியும் அளவுக்கு இருந்தது.

அப்போது பார்த்தாள். ஏழு. கறுப்பாக, ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், இறக்கைகளைத் தூக்கிப் பிடித்துக் கால்களைத் தொங்கவிட்டு, நீர்மேல் தொட்டுத் தொட்டு நடந்துகொண்டிருந்தன. கப்பல்காரர்கள் புயல்குருவி என்று சொல்லும் பறவை. முட்டையிட மட்டும் நிலத்தை மிதித்து, மீதி வாழ்நாளைக் கடலிலேயே கழிப்பது. அந்த ஏழில் இரண்டு வகை இருந்தது. வெர்னா முப்பது படம் எடுத்தாள். நானூற்று மூன்று, நானூற்று நான்கு. லூபே கீழே போய்விட்டாள்!

படம் எடுத்து முடித்த பிறகுதான் கவனித்தாள், அவை இரை தேடவில்லை. ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டு நின்றன. ஏழின் முகமும் அவள் பக்கம் இருந்தது. நாலடி இடப்பக்கம் நகர்ந்தாள். ஏழும் நாலடி நகர்ந்தன. இந்தப் பறவைகள் ஆளில்லாத தீவுகளில் பொந்துக்குள் முட்டையிட்டு, மண்ணுக்கு அடியிலிருந்து கரகரவென்று குரல் கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறாள். இப்போது அந்தக் கரகரப்பு அவள் செருப்புக்குக் கீழே, அணையின் கல்லடுக்குக்குள் கேட்டது. காலைத் தூக்கினாள், நின்றது. வைத்தாள், கேட்டது.

போன் அடித்தது. லூபே.

"வெர்னா, மிஹா! எங்க இருக்க?"

"அணைமுனையில."

"ஏதாச்சும் வந்திருக்கா?"

பார்த்தவர் முதலில் சொல்ல வேண்டும், படமெல்லாம் பிறகு. அதுதான் குழுவின் விதி. ஒரு காலத்தில் யாரோ ஒரு கொக்கைத் தன்னிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்று சண்டை போட்டு அந்த விதியை எழுத வைத்தவளே வெர்னாதான். அவள் ஏழையும் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல. வந்து நின்னதுக்குக் கால்வலிதான் மிச்சம்."

"அடப்பாவமே. சரி, நான் அங்கயே வந்துடறேன். தமாலே சூடா இருக்கு, உனக்குன்னு பச்சை மிளகா போட்டது தனியா வெச்சிருக்கேன்."

"இங்க எதுக்கு? கழுதைத்துறைக்குப் போ. காத்து அந்தப் பக்கமா அடிச்சிருக்கு, வந்திருந்தா அங்கதான் ஒதுங்கியிருக்கும்."

"ஓடை வழியாவா? மலையில மழை பிடிச்சிருக்கே, தெரியுதே இங்கேர்ந்து."

எதிர்க்கரையில் இருக்கும் கழுதைத்துறைக்கு வண்டி போக வேண்டுமானால் வறண்ட ஓடைக்குள் நாலு மைல் போக வேண்டும். மலையில் மழை என்றால் ஓடையில் இறங்காதே என்பது இந்தப் பக்கம் பிறந்த பிள்ளை பேசத் தொடங்கும்போதே கற்றுக்கொள்வது. இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் சுவர்போல வரும்.

"நான் இப்பத்தான் அதைத் தாண்டி வந்தேன். காஞ்சு கிடக்கு. தூசி பறக்குது" என்றாள் வெர்னா.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஏதாச்சும் கண்டா உனக்குத்தான் மொதல்ல சொல்வேன், சரியா?"

ஒரு மணி நேரம் அவளை இங்கே வரவிடாமல் செய்தால் போதும், அவ்வளவுதான். சாகட்டும் என்று வெர்னா நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று அதற்குப் பிறகும் பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

நாற்பது நிமிடம் கழித்துக் கூட்ஸ் வண்டி வருவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தண்டவாளம் அந்தப் பக்கம் எங்கும் கிடையாது. ஏரியின் எதிர்க்கரையில், ஓடை வந்து சேரும் இடத்தில், காவி நிறத்தில் ஒரு நாக்கு நீண்டுகொண்டே வந்தது. வேரோடு மரங்கள் வந்தன. வெள்ளையாகப் பெரிதாக ஒன்று புரண்டு புரண்டு வந்து, சேற்றில் செருகி நின்றது. பைனாகுலரைத் தூக்கியவள் பாதியில் இறக்கிவிட்டாள். பழைய ஃபிரிட்ஜாக இருக்கும். ஓடைக்குள் ஃபிரிட்ஜைப் போடுகிறவர்கள் இருக்கிறார்களே. லூபேயின் வேனும் வெள்ளை என்பதை அவள் நினைக்க மறுத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது ஏழு பறவையும் இல்லை. காவித் தண்ணீரை நோக்கித் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தன.

லூபேயின் எண்ணை அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஷெரிஃபைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, மழையில் அவள் ஏன் அங்கே போனாள் என்பதாக இருக்கும். வெர்னா போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

வீட்டில் உட்கார்ந்து குழுவின் பக்கத்தைத் திறந்தாள். தன் முப்பது படத்தில் நல்லதைப் போட வேண்டும், போட்டால் மனம் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தாள். பக்கத்தின் உச்சியில் புதிதாக ஒரு வரி இருந்தது.

லூபே. கழுதைத்துறை. 4.52. புயல்குருவி, இரண்டு வகை. மொத்தம் 405.

வெர்னா வாய்விட்டு அழுதாள். "பாவி, உசுரோட இருக்கியா" என்று அந்தத் திரையைத் தடவினாள். உண்மையான அழுகைதான். ஆனால் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் மறுபடி அந்த எண்ணைப் பார்த்தாள். நானூற்று ஐந்து. மறுபடி ஒன்றால் முந்திவிட்டாள். 4.55க்கு நீளவால் வெள்ளைக் கடற்பறவை, 406. 4.57க்கு இன்னொன்று. 4.58க்கு இன்னொன்று. பள்ளிக்கூடக் காலத்தில் வெர்னா தன் முதல் பறவைப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தவை, இந்த ஜென்மத்தில் பார்க்கப்போவதில்லை என்று கைவிட்டவை, ஒவ்வொன்றாக லூபேயின் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்தன. உயிரோடு இருப்பவளை மறுபடி வெறுக்க முடிந்தது அவளுக்கு ஒரு விதத்தில் சௌகரியமாகவும் இருந்தது.

அப்போது தரைக்கு அடியில் கேட்டது. கரகரவென்று, மெதுவாக, பூனை உறுமுவதைவிடத் தடித்த குரலில். வண்டிவீடு செங்கல்மேல் நின்றது. கீழே முழங்கால் உயரத்துக்கு வெறும் இருட்டு. காலால் ஓங்கி மிதித்தாள். நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். அந்த இடத்துக்கு அடியிலிருந்து கேட்டது. கதவை நோக்கிப் போனாள். அதுவும் கூடவே கதவுவரை வந்தது.

திரையில் ஒரு படம் வந்தது. லூபே எடுத்தது. நீர்ப்பரப்பில் ஒரு பறவையின் விரிந்த பாதங்கள், அதன் வயிறு, அதற்கும் மேலே காவி நிறத்தில் கலங்கிய வானம். படம் தண்ணீருக்கு மேலிருந்து எடுத்ததல்ல, அடியிலிருந்து எடுத்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு போனைத் தூக்கி எறிந்திருப்பார்கள். வெர்னா அலகின் நிறத்தைப் பார்த்தாள். சிவப்பு. அவள் பட்டியலில் இல்லாத பறவை. வண்டிச் சாவியை எடுத்தாள்.

மேட்டுவழி என்று ஒன்று உண்டு. சுற்றுப்பாதை, வெள்ளம் தொடாதது, முடியும் இடத்திலிருந்து கால்மணி நேரம் இறங்கி நடந்தால் துறை வந்துவிடும். அதை லூபேக்குச் சொல்லியிருக்கலாம் என்ற நினைப்பு ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு வளைவிலும் வந்தது. ஆறு மணிக்கு இறங்கத் தொடங்கினாள். வெளிச்சம் பித்தளை நிறத்தில் இருந்தது. மேட்டில் கழுதைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றன.

வெள்ளையாக இருந்தது ஃபிரிட்ஜ் இல்லை.

வேன் தலைகீழாக, பாதி சேற்றுக்குள் கிடந்தது. கண்ணாடி போயிருந்தது. லூபே பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். தலைமுடி சேற்றைத் தொட்டது. வாய்க்குள் மணல். தமாலே சுற்றிய துணி அவள் கழுத்தில் சுற்றியிருந்தது. வெர்னா அவள் கையைத் தொட்டாள். ஜில்லென்று, கட்டைபோல. செத்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

வெர்னாவின் பையில் போன் அதிர்ந்தது.

லூபே. கழுதைத்துறை. 6.21. மொத்தம் 431.

எடுத்துப் பார்த்தவள் நிமிரவில்லை. நிமிரக் கூடாது என்று தெரிந்தது. வாசம் வந்தது. சேற்றுக்கடியில் கரகரப்பு. இடப்பக்கம். வலப்பக்கம். எல்லாப் பக்கமும். பிறகு தண்ணீரின்மேல் சின்னச் சின்னத் தட்டல்கள், தூறல் விழுவதுபோல. நூறு ஜோடிக் கால்கள். அதற்கு நடுவே, கொஞ்சம் கனமாக, இன்னொரு ஜோடி.

நிமிர்ந்தாள்.

நூற்றுக்கணக்கில் கறுப்புப் பறவைகள் நீரை மிதித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் லூபே. கைகளைத் தூக்கி விரித்துக்கொண்டு, நுனிக்கால் மட்டும் தண்ணீரைத் தொட, தொட்டுத் தொட்டு. நர்சுகளின் வெள்ளைச் செருப்பு. அவள் வெர்னாவைப் பார்க்கவில்லை. கரையில் ஒரு பாறை மறைத்த பக்கம், நீரில் எதையோ ஆசையாகக் காட்டினாள்.

"வெர்னா, மிஹா. வந்து பாரு. இது யாருக்கும் கிடைக்காதது."

அதே குரல். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"வரமாட்டேன்" என்றாள் வெர்னா. வேனின் சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள். "வரமாட்டேன். வரவே மாட்டேன்."

"சரி" என்றாள் லூபே. வருத்தப்பட்டதுபோல.

போன் அதிர்ந்தது. லூபேயிடமிருந்து குழுவுக்கே செய்தி. எல்லாரும் வாங்க. கழுதைத்துறை. மேட்டுவழி நல்லா இருக்கு. படம் இருந்தது. கீழே பதில்கள் கடகடவென்று வந்தன. வர்றேன். வர்றோம். கிளம்பிட்டோம். புயல் வந்த நாளில் மாவட்டத்தின் அத்தனை பேரும் ஏரியைச் சுற்றித்தான் இருந்தார்கள், இருபது நிமிட தூரத்தில்.

வெர்னா தட்டினாள். யாரும் வராதீங்க. இங்க ஒண்ணும் இல்ல. அனுப்பிய மறுகணம் ஹாலிஸின் அழைப்பு.

"என்ன வெர்னா, ஒண்ணும் இல்லையா?" பின்னால் வண்டி ஓடும் சத்தம். "போன வருஷம் ஆந்தை இருந்த மரத்தடியில ரெண்டு நாள் நாற்காலி போட்டு உக்காந்துகிட்டு, இங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னவதானே நீ? நீ இல்லன்னா எத்தனை இருக்குன்னுதான் கேக்கணும்."

"ஹாலிஸ், சொல்றதைக் கேளுங்க. லூபே செத்துட்டா. என் கண்ணு முன்னாடி வேன்ல கிடக்கா."

"அவ என்கிட்ட இப்பத்தான் பேசினா. சிரிச்சு சிரிச்சுப் பேசினா. தனக்கு ஒரு கண்ணு போனாலும் எதிரிக்கு ரெண்டு கண்ணும் போகணும்னு நினைக்கிற ரகம் நீன்னு தெரியும். அதுக்காக உசுரோட இருக்கறவளையே சாகடிப்பியா?"

"நான்தான் சாகடிச்சேன்!" வெர்னா கத்தினாள். "அணைமுனையில புயல்குருவி இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லி, ஓடை காஞ்சிருக்குன்னு பொய் சொல்லி, நான்தான் இங்க அனுப்பினேன். கேக்குதா? நான்தான்!"

"அணைமுனையிலயும் இருந்துச்சா?" என்றார் ஹாலிஸ். "எத்தனை?"

மேட்டில் வண்டிக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. தொலைநோக்கி வைத்த முக்காலிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார்கள், முப்பது பேருக்குமேல். மூச்சிரைத்தபடி, பேசாமல், மாதாகோயிலுக்கு நேரமாகிவிட்டவர்கள் மாதிரி. வெர்னா குறுக்கே நின்றாள். சட்டையைப் பிடித்தாள். வேனைக் காட்டினாள். "பாருங்க. உள்ள பாருங்க." ஹாலிஸ் சரிவில் கால் வழுக்கவே, கவிழ்ந்த வேனின் சக்கரத்தில் கை ஊன்றி நிதானித்துக்கொண்டார். உள்ளே பார்க்கவில்லை. அவர் கண் ஏரியில் இருந்தது.

பாறையைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினார்கள். கணுக்கால். முழங்கால். பைனாகுலர்கள் உயர்ந்தன. ஒருவர் ஒரு பறவையின் பெயரைச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் வேறொரு பெயரைச் சொன்னார். இன்னொருத்தி அழுதுகொண்டே இன்னொரு பெயர். யாரும் யாரையும் திருத்தவில்லை.

வெர்னா வேனுக்கு அந்தப் பக்கம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பார்க்காமல் இருந்தால் போதும். விடியும்வரை இப்படியே இருந்தால் போதும். லூபேயின் ஈரத் தலைமுடி அவள் முழங்கையில் பட்டது. நகரவில்லை.

"ஆ" என்றார் ஹாலிஸ். அவரிடம் அப்படி ஒரு குரல் இருந்ததே அவளுக்குத் தெரியாது. "ஆ, கடவுளே. இத்தனை அழகா."

வயிற்றில் ஏதோ பற்றிக்கொண்டது.

எல்லோரும் பார்க்கிறார்கள். முப்பது பேர். தபால்காரர் ஹாலிஸ், அலகுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களெல்லாம். அத்தனை பேரின் பட்டியலிலும் இருக்கப்போகிறது. அவளுடையதில் மட்டும் இல்லை.

கையை எடுத்தாள்.

பாறையைத் தாண்டினாள். முதுகுகள் மறைத்தன. தள்ளினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால். இடுப்பு. "கொஞ்சம் விலகுங்க." யாரும் விலகவில்லை. முன்வரிசையில் ஒரு தலை கீழே போனது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கை உதறவில்லை, குமிழிகூட அதிகம் வரவில்லை. பைனாகுலர் கண்ணில் இருக்க, அப்படியே நடந்துபோனார்கள். நல்லது. மறைப்பது குறைகிறது. முழங்கையால் ஒருத்தியை இடித்து முந்தினாள். மார்பு. இன்னும் நாலு பேர். இன்னும் இரண்டு.

ஹாலிஸின் தொப்பி மட்டும் மிதந்து வந்து அவள் தாடையில் இடித்தது. வழியை மறைத்த அதை ஒரு கையால் ஒதுக்கினாள். லூபே கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நின்றாள், பொறுமையாக. உதட்டில் சேறு கரித்தது. வெர்னா பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் குமிழைத் திருகினாள். காட்சி இன்னும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. தெளிவாகத் தெரிவதற்காக இன்னும் ஓரடி எடுத்து வைத்தாள்.